நண்பனை நம்பிப் பழைய ஜீப்பில் கை வைக்கலாமா?

"மாமா வீட்டில் பல வருடமாக நிற்கும் ஃபோர் வீல் ஜீப்பை எடுத்துச் சரிசெய்ய ஆசை. நண்பன் மெக்கானிக், கூலி வேண்டாம் என்கிறான். இறங்கலாமா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூலி வேண்டாம் என்கிறானா? அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், கையில் ஒரு லட்சம் இருக்கும், யூடியூபில் நாலு வீடியோ பார்த்திருப்பீர்கள், வீட்டில் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

என்னுடையது மஹிந்திரா எம்எம் 540. சித்தப்பா வண்டி. தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் சேறும்தான். அதில் போய்க் கரைவலை மீனை ஏற்றி வருவார். (போகும்போது ஆள் ஏற்றினாரா என்று கேட்காதீர்கள். மனுஷன் இப்போது இல்லை.) 2017-ல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு திறந்தார்கள். அதன்பிறகு சாதாரண லோடு ஆட்டோவே மீன் எடுக்கப் போனது, ஜீப்புக்கு வேலை இல்லாமல் போனது. மண்டபத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனை ஓலைக் கொட்டகையில் நிறுத்தியவர், அப்புறம் அதை எடுக்கவே இல்லை. கடலுக்கும் கொட்டகைக்கும் கூப்பிடு தூரம்.

என் நண்பன் படகு மெக்கானிக். விசைப்படகில் இருக்கும் லேலண்ட் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான். ஃபைபர் படகுக்கு ஒட்டு வேலையும் தெரியும். "காசெல்லாம் பேசாத மாப்ள, சித்தப்பா வண்டி" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ஒரு தொகையைப் பேசியிருக்க வேண்டும்.

2022 தை மாசக் கடைசியில் ஆரம்பித்தோம். எல்லோரும் இன்ஜினுக்குத்தான் பயப்படுவார்கள். எங்களுக்கு அதுதான் சுலபமாக முடிந்தது. 2112 சிசி பெஜோ டீசல், பழைய காலத்துக் கட்டை. இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி நாலு நாள் ஊறவிட்டான். கையாலேயே சுற்றிப் பார்த்து, இறுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேட்டரியை இணைத்தான். இதை மட்டும் மறக்காதீர்கள். நின்று கிடந்த வண்டிக்கு எடுத்தவுடன் செல்ஃப் அடிக்கக் கூடாது. பம்ப்பையும் இன்ஜெக்டரையும் ராமநாதபுரத்தில் சர்வீஸுக்குக் கொடுத்தோம், டீசல் டேங்கைக் கழுவினோம், டீசல் லைனில் மாட்டியிருந்த காற்றை எடுத்தோம். மாசிப் பௌர்ணமிக்கு முன் வண்டி உறுமியது. தெருவே வந்து பார்த்தது.

தொல்லை பாடியில்தான். பாம்பன் பழைய ரயில் பாலத்தை 1914-ல் திறந்தார்கள். துருவைச் சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதுமாகவே அதன் காலம் போனது. அதற்கே அந்தக் கதி என்றால் ஜீப்புத் தகடு எம்மாத்திரம்? காலை வைக்கும் தரை சல்லடையாக இருந்தது. டிங்கர் வேலைக்குக் கேட்டால் பெரிய தொகை சொன்னார்கள். "எதுக்கு வெட்டணும், மேலே ஃபைபர் மேட் போட்டு ரெசின் ஊத்திடுவோம்" என்றான் நண்பன். ஃபைபர் படகுக்கு ஒட்டுகிற அதே கண்ணாடி இழைத் துணியும் பசையும்தான். செலவு மிச்சம் என்று நானும் தலையை ஆட்டினேன். பழியை முழுக்க அவன் மேல் போட மாட்டேன்.

ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அச்சில் வார்க்கும்போது அது அருமையான பொருள். துருப்பிடித்த தகட்டின் மேல் ஒட்டினால்தான் வம்பு. உப்பும் ஈரமும் நடுவில் மாட்டிக்கொள்ளும், துரு வெளியே தெரியாமல் தின்றுகொண்டே இருக்கும்.

அதற்குள் சித்திரை வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு ஓடாது, இவன் சும்மாதானே இருப்பான், மொத்த வேலையையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடற்கரையில் பிறந்தவன் போடுகிற கணக்கா இது? எல்லாப் படகும் கரையேறி ரிப்பேருக்கு நிற்பது அந்த 61 நாளில்தான். அவனுக்கு வருடத்திலேயே பெரிய சம்பாத்தியம் அப்போதுதான். விடிய விடிய வேலை. ஜீப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூனில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற ஒரு நாள், டிரைவர் சீட்டுக்கு முன்னால் கட்டைவிரலால் அழுத்தினேன். பொத்தென்று உள்ளே போனது. நேராகப் போய், "காசு கொடுத்திருந்தா ஒழுங்கா செஞ்சிருப்பேல்ல?" என்றேன். "அப்பக் கொடுத்திருக்க வேண்டியதுதானே மாப்ள" என்று ஸ்பானரைக் கீழே வைத்தான். அவ்வளவுதான். ஐந்து மாதம் பேச்சில்லை.

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம் அவனாக வந்தான். ஓலை ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, படகுத் தார்ப்பாயை வண்டி மேல் இழுத்துக் கட்டினான். அம்மா நீட்டிய டீயைக்கூட வாங்காமல் போய்விட்டான். மறுநாள் நான் போனேன்.

பிறகுதான் சரியான வேலை நடந்தது. ஃபைபரை உரித்தோம், துருப்பிடித்ததை நல்ல இரும்பு வரும்வரை வெட்டினோம், 18 கேஜ் தகட்டைப் பற்றவைத்தோம். இங்கே ஒரு விஷயம் உண்டு. கிரைண்டர் போட்ட இடத்தில் அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்தாக வேண்டும். ராத்திரி சும்மா விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புப் படகுக்கு அடியில் துத்தநாகக் கட்டி வைப்பார்களே, அதை ஜீப்பின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டலாமா என்று கேட்டேன். "அது தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்தாத்தான் வேலை செய்யும், நீ ஜீப்பைக் கடல்ல ஓட்டப் போறியா?" என்று சிரித்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு.

சேசிஸ் எண்ணைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போது சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். துருவோடு சேர்த்து அதையும் கிரைண்டரில் வழித்துவிட்டால் தீர்ந்தது. எங்கள் ஆள் ஒரு விரல்கடைத் தூரத்தில் நிறுத்தினான். வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் கையெழுத்தோடு பெயர் மாற்றம் தனி வேலை. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமும் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது, தாமதத்துக்கு அபராதம் தனி. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு இப்போது இன்னும் கூட்டிவிட்டார்கள். ஸ்பானரைத் தொடும் முன் காகிதத்தைப் பாருங்கள்.

"வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவவும்" என்று வீடியோவில் ஒருவர் சொல்கிறார். எந்த ஊர்க்காரரோ! எங்கள் மாவட்டத்துக்கு மாற்றல் போடுவதையே "தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிருவேன்" என்று மிரட்டலாகச் சொல்வார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாய் வந்த பிறகும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் போகும் பெண்களை இன்றைக்கும் பார்க்கலாம். குடத்துக்குக் காசு கொடுக்கிறோம். கிணற்றில் உப்பு. ராமேஸ்வரம் வருகிறவர்கள் தீர்த்தமாடிவிட்டு, தங்கும் விடுதியில் ஷவரைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பார்கள். அது வேறு கதை, விடுங்கள். குடிக்கத் தண்ணி இல்லாத ஊரில் ஜீப் கழுவுகிறாயா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: என் ஜெராக்ஸ் கடை ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்துத்தான் கழுவுகிறேன். அதில் உப்பு இல்லை.

செலவு மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். நண்பன் கூலி சேராமல். 2023 ஆவணியில் வேலை முடிந்து, முதல் ஓட்டமாக அரிச்சல்முனைக்குப் போனோம். வழவழவென்று தார் ரோடு. ஃபோர் வீல் லீவரைத் தொட வேலையே இல்லை. சித்தப்பா இருந்தால் சிரித்திருப்பார்.

திரும்பி வரும்போது ஒரு கவரில் முப்பதாயிரம் நீட்டினேன். வாங்கவில்லை. "வண்டி வேணும்ங்கறப்ப குடு, போதும்" என்றான். நானும் பெருந்தன்மையாகச் சரி என்றேன். ஆகவே இறங்குங்கள், நான் தடுக்கவில்லை. கூலி வேண்டாம் என்பவனிடம், பதிலுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இதை எழுதும் இந்த நேரத்தில் என் ஜீப் படகு இன்ஜின் ஒன்றை ஏற்றிக்கொண்டு தொண்டிப் பக்கம் போயிருக்கிறது. வியாழக்கிழமை போனது.