களத்து நெல்லும் முத்திரையும்

கேள்வி: எங்கள் கொள்ளுப்பாட்டனார் ஒரு மிராசுப் பண்ணையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பழைய நோட்டில் 'குறைவு 3 மரக்கால், ஆள் மேல் சந்தேகம்' என்பது போன்ற வரிகள் பல வருகின்றன. பண்ணையாட்கள் எசமானின் நெல்லைத் திருடி விற்பது அந்நாளில் வழக்கமாக இருந்ததா? பிடிபட்டால் என்ன தண்டனை?
– வாசகர், மன்னார்குடி

பதில்: திருட்டு இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் 'விற்றார்கள்' என்ற சொல்லை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. காவிரிப் படுகைச் சிற்றூர்களில் நெல்லே நாணயமாகப் புழங்கிய காலம் அது. உப்பும் கருவாடும் புகையிலையும் நெல்லுக்கே கிடைத்தன என்பதால், மடியில் கட்டிவந்த இரண்டு படி நெல்லைக் கடையில் கொட்டிய கணமே விற்பனை முடிந்துவிடும். கூலியும் நெல்லாகவே அளக்கப்பட்டதால், வந்தது கூலி நெல்லா, களவு நெல்லா என்று கடைக்காரர் பிரித்தறிய வழியில்லை. அறிய அவருக்கு விருப்பமும் இருந்திராது.

ஆகவே காவல் முழுவதும் நெல் களத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே நடந்தது. தூற்றிய நெல்லைப் பொலியாகக் குவித்ததும் அதன்மேல் சாம்பலாலோ சாணிக் கரைசலாலோ குறியிட்டோ, எழுத்து வெட்டிய பலகையால் முத்திரை பதித்தோ, இரவுக் காவலுக்கு ஆள் வைப்பார்கள். ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். எனவே கைவைக்க நினைத்தவர் முத்திரைக்கு முந்திய வேலையிலேயே வைக்க வேண்டும்: கதிரை முழுதாக அடிக்காமல் வைக்கோலில் மணியைத் தங்கவிடுவது, தூற்றும்போது பதரோடு நல்ல நெல்லையும் தள்ளிவிட்டுப் பிறகு கூட்டி எடுப்பது. சிந்தியதைப் பொறுக்கும் உரிமை எங்கே முடிந்தது, களவு எங்கே தொடங்கியது என்பது பார்ப்பவரைப் பொறுத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விளைச்சலில் அரசுக்குரிய பங்கான மேல்வாரம் நெல்லாகவே பிரிக்கப்பட்ட நாட்களில், பங்கு போடுவதற்குள் மிராசுதாரரே நெல்லை ஒதுக்கிவிடக் கூடாது என்று சர்க்கார் வைத்த காவலும் இதே முத்திரைதான்.

தண்டனைக்கு வருவோம். 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்றது. வேலையாள் எசமானின் பொருளைத் திருடினால் 381-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை என்றது. திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்கியவருக்கு 411-ஆம் பிரிவில் 3 ஆண்டுதான். ஆனால் பண்ணை விவகாரங்கள் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் சொன்ன பின்னும், ஆள் கடனால் பண்ணையோடு கட்டப்பட்டே கிடந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பினால் நடவுக்கு ஆள் குறையும். ஆகையால் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் களத்துமேட்டிலேயே தண்டனைகளாயின. இவற்றுக்கு எதிராக 1940-களில் பொதுவுடைமைத் தலைவர் பி. சீனிவாசராவ் முதலியோர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, கூலியை முத்திரையிட்ட மரக்காலில் அளக்க வேண்டும் என்பதாகும். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி கொடுப்பதற்கு அதனினும் சிறிய வேறொரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகள் உண்டு. அந்தக் குறைவை எந்தக் கணக்குப்பிள்ளையும் நோட்டில் ஏற்றியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

உங்கள் நோட்டில் அவ்வரிகள் எந்த மாதங்களில் வருகின்றன என்று பாருங்கள். தை, மாசி என்றால் சம்பாக் களத்தில் நடந்தவையாக இருக்கலாம். பங்குனி முதல் வைகாசி வரை என்றால், ஆற்றில் தண்ணீரும் வயலில் வேலையும் கூலியும் இல்லாத மாதங்கள் அவை. குறைந்தது பத்தாயத்தில், அதாவது வீட்டு நெற்களஞ்சியத்தில், சேர்த்துவைத்த நெல்லாக இருக்கும். அப்படியானால் அந்த 3 மரக்காலில் எலி தின்றது எவ்வளவு, காய்ந்து அளவு குறைந்தது எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்தே 'சந்தேகம்' என்ற சொல்லைப் படிக்க வேண்டும்.