வாசகர் கேள்வி–பதில்: வீட்டில் லீவர் எஸ்பிரெஸோ

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன், கையால் லீவரை அழுத்தி எஸ்பிரெஸோ என்னும் கெட்டிக் காப்பி எடுக்கும் கருவி ஒன்றை வாங்கித் தந்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு மின்சாரம் தேவையில்லை. வழக்கமாக ஃபில்டருக்கு வாங்கும் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி அழுத்தினால் லீவர் அசைய மறுக்கிறது. நாலைந்து சொட்டுக்கு மேல் இறங்கவில்லை. கடையில் கொரகொரப்பாகத் திரித்து வாங்கிப் போட்டாலோ நொடியில் கொட்டிவிடுகிறது, புளிக்கவும் செய்கிறது. கருவி பழுதா? — வாசகி, தக்கலை

பதில்: கருவியில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை, கோளாறு தூளில் இருக்கிறது. தாங்கள் வாங்கும் பொட்டலத்தில் காப்பி, சிக்கரி விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பதே விதி என்பதால், மீதி கிட்டத்தட்டப் பாதிவரை சிக்கரியாக இருக்க இடமுண்டு. வறுத்துப் பொடித்த வேரான சிக்கரி, நீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுப்பாகிவிடும். ஃபில்டரில் நீர் தன் எடையால் நிதானமாக இறங்குவதால் அந்தக் குணம் அங்கே நன்மையாக முடிந்து, டிக்காஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் கிடைக்கிறது. எஸ்பிரெஸோவிலோ, நுணுக்கமாக அரைத்து அழுத்திவைத்த தூளின் சின்னஞ்சிறு இடைவெளிகளுக்குள் நீர் அரை நிமிடத்தில் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால், அதே சிக்கரி வழியை அடைத்துவிடுகிறது. எனவே முதலில் சிக்கரி கலவாத காப்பிக்கு மாறுங்கள்.

அடுத்தது அரைக்கும் பதம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கொட்டை வறுத்துத் திரித்துத் தரும் கடையில், தூளாக்காமல் கொட்டையாகவே கேட்டு வாங்கி, பற்சக்கரங்களுக்கு இடையே அரைபடும் கைமெஷின் ஒன்றில் வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. மிக்ஸி இதற்கு உதவாது. அதில் ஒரு பங்கு மாவாகவும் மறுபங்கு குறுநொய்யாகவும் வருவதால், மாவு வழியை அடைக்க, நொய் இருக்கும் பக்கமாக நீர் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும். எஸ்பிரெஸோக் கருவிக்குச் செலவிடும் பணத்தில் கணிசமான பங்கை அரைக்கும் மெஷினுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. விலை உயர்ந்த லீவரும் மட்டமான அரைப்பும் சேர்ந்தால் தாங்கள் குடித்த அந்தப் புளிப்புக் காப்பிதான் கிடைக்கும்.

தொடக்கத்துக்கு 18 கிராம் தூளுக்குக் கோப்பையில் இறங்கும் காப்பி 36 கிராம், அது இறங்க 25 முதல் 30 நொடி என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் கிண்ணம் சிறியதானால் அதே விகிதத்தில் குறைக்கலாம். தூளைச் சமமாகப் பரப்பி, சாய்வில்லாமல் அழுத்தி, நீர் ஊற்றியபின் முதல் சில நொடிகள் மெல்ல அழுத்தித் தூளை நனையவிட்டு, பிறகு பலத்தைக் கூட்டுங்கள். சரியாக அமைந்தால் முதல் சொட்டுகள் கருப்பட்டிப் பாகு போல் கெட்டியாக இறங்கி, மெல்லிய நூலாகி, நிறம் செம்மையிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு மாறும், வெளிறியதும் நிறுத்திவிடலாம். விரைவாகக் கொட்டிப் புளித்தால் இன்னும் நுணுக்கமாகவும், சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் சற்றுப் பெரிதாகவும் அரையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் சுவை மாறியது என்பது விளங்கும். முடிந்ததும் சக்கையைத் தட்டிக் கவனியுங்கள். அதில் ஊசித்துளைகள் தென்பட்டால் தூள் சமமாகப் பரவவில்லை என்று பொருள்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது, தோள்வலியும் உண்டு. 9 பார் அழுத்தம் வேண்டும் என்கிறார்களே, கையால் முடியுமா? — வாசகர், குளச்சல்

பதில்: 9 பார் என்பது ஒரு சதுர செ.மீ. பரப்பில் சுமார் 9 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். கருவிக்குள் நீரை அழுத்தும் பிஸ்டனின் விட்டம் 4 செ.மீ. என்றால் அதன்மேல் மொத்தம் ஏறக்குறைய 115 கிலோ தேவைப்படும். லீவர் அதை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் கைக்கு வருவது 23 கிலோ. அதையும் அரை நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆனால் 6 பாரிலேயே நல்ல காப்பி எடுக்கலாம். அப்போது 15 கிலோ அளவில் போதும். வாங்குமுன் பிஸ்டனின் விட்டத்தையும் லீவரின் நீளத்தையும் விசாரியுங்கள். சிறிய பிஸ்டனும் நீண்ட லீவரும் தோளுக்கு இதம்.

கேள்வி: பழைய இத்தாலிய ஸ்பிரிங் லீவர் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? — வாசகர், குலசேகரம்

பதில்: மிலான் நகரத்து அக்கீலே காஜ்ஜியா 1940-களின் பிற்பகுதியில் புகுத்திய முறை இது. அதற்கு முந்தைய மெஷின்கள் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தன. பிஸ்டன் வந்த பிறகே எஸ்பிரெஸோவின் மேல் அந்தப் பொன்னிற நுரை படிந்தது. இதில் நாம் லீவரை இழுப்பது ஸ்பிரிங்கைச் சுருக்குவதற்காக மட்டுமே; நீரை அழுத்துவது ஸ்பிரிங். ஆகவே தூள் இல்லாமலோ, தூள் மிகப் பெரிதாக இருக்கும்போதோ இழுத்த லீவரைச் சட்டென்று விட்டால், தடை ஏதும் இல்லாமல் அது துள்ளியெழுந்து முகவாயைப் பதம் பார்த்துவிடும். முகத்தை விலக்கி, கையை எடுக்காமல் மெல்ல மேலே விடுங்கள். பாய்லர் உள்ள மெஷினில் அழுத்தம் முற்றும் இறங்கும் முன் மூடியைத் திறக்கவே கூடாது. ரப்பர் வளையங்களும் பாதுகாப்பு வால்வும் புதிதாக மாற்றக் கிடைக்குமா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் கொடுங்கள்.

கேள்வி: கொதிக்கும் நீரை ஊற்றியும் காப்பி ஆறித்தான் வருகிறது. எங்கள் கிணற்று நீர் சற்றுக் கரிக்கும், அதுவும் காரணமா? — வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: கரிப்புக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் கரிக்கும் நீர் சுவையைக் கெடுக்கும் என்பதால் குடிநீரையே பயன்படுத்துங்கள். சூட்டைக் குடிப்பது கருவியின் உலோகம். நீர் தூளைத் தொடும்போது 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த உலோகத்தில் ஊற்றினால் அது வெகுவாக இறங்கிவிடும். நீர் ஊற்றும் பகுதியையும் கோப்பையையும் முன்னதாகவே கொதிநீரால் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டில் நாலு பேர், எல்லோருக்கும் கருப்பட்டி போட்ட பால்காப்பிதான் பிடிக்கும். இந்தக் கருவி ஒத்துவருமா? — வாசகி, இரணியல்

பதில்: ஒத்துவராது. ஒரு முறை எடுப்பது ஒருவருக்கு; ஒவ்வொரு முறையும் சக்கை தட்டி, கழுவி, மீண்டும் சூடாக்கி நாலாவது கோப்பைக்கு வருவதற்குள் முதல் கோப்பை ஆறிவிடும். தாங்கள் ஃபில்டரையே வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வேளையில் தங்களுக்கு மட்டும் ஒன்று வேண்டுமென்றால் வாங்கலாம். அப்போதும் கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டிக் கோப்பையில் சேர்க்க வேண்டும். கருவிக்குள் ஊற்றினால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும்.