வள்ளி வேடம் கிடைக்கவில்லை, விலகிவிடட்டுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 41 வயது. வீடு சாட்ஸ்வொர்த்தில், டர்பனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. ஏழு வருஷமாக இங்கே ஓர் அமெச்சூர் இசை நாடகக் குழுவில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். வசனம் பெரும்பாலும் ஆங்கிலம், பாட்டெல்லாம் தமிழ். ஏழு வருஷமும் எனக்குக் கோரஸ்தான். இந்த வருஷம் வள்ளி கதை. என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ், அதாவது இங்கத்திய தெருக்கூத்து, ஆடியவர், பெண் வேஷம் கட்டுவார். அவர் மடியில் உட்கார்ந்து வள்ளி பாட்டு கேட்டு வளர்ந்தவள் நான். ஆசையோடு ஆடிஷனுக்குப் போனேன். மேல் ஸ்தாயியில் ஓர் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. வேடம் 22 வயதுப் பெண் ஒருத்திக்குப் போனது. நல்ல குரல், பரதமும் ஆடுவாள். ஆனால் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது, பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறாள். இப்போது இயக்குநர் என்னை அண்டர்ஸ்டடியாக, அதாவது அவளால் வர முடியாமல் போனால் மாற்றாக, இருக்கச் சொல்கிறார், அவளுக்கு உச்சரிப்பும் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். வீட்டுக்காரரோ, "சம்பளமா தருகிறார்கள்? செவ்வாயும் வியாழனும் ராத்திரி, ஞாயிறு மத்தியானம், எல்லாம் அங்கேயே போகிறது. பெட்ரோல் நம்முடையது, சேலை நம்முடையது, இருபது டிக்கெட் வேறு விற்க வேண்டும். விட்டுவிடு" என்கிறார். விலகிவிடட்டுமா?

ஒரு சகோதரி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வேடம் போன வருத்தம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை தாத்தாவின் மடி வந்த இடத்தில் நின்றுவிட்டேன். உங்களுக்கு வள்ளி வீட்டுச் சொத்து. அதை இன்னொருத்தி, அதுவும் அந்தப் பாட்டின் பொருள் தெரியாத ஒருத்தி, கையில் வாங்கிக்கொண்டு போனால் வலிக்கத்தான் செய்யும்.

அதனால் 'எந்த வேஷமும் சின்னதில்லை' என்று நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. ஏழு வருஷம் பின்வரிசையில் நின்றவர் ஒரு தடவை முன்னால் வந்து நிற்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆசைப்பட்டீர்கள், போய்க் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. ஒரு வாரம் அழுதாலும் பரவாயில்லை. ஆனால் இந்த நாடகம் முடியும் வரை விலகாதீர்கள். கடைசிக் காட்சி முடிந்து, செட்டைக் கழற்றி, சாமான்களையெல்லாம் ஏற்றி அனுப்பி ஒரு மாதம் ஆகட்டும். அப்புறம் உட்கார்ந்து முடிவெடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த ஒரு குழுவில் எனக்கென்று சொல்லிவைத்த வேடத்தைக் கடைசி நேரத்தில் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மேடையேற மூன்று வாரம் இருக்கும்போது கோபத்தில் விலகினேன். கோரஸில் கீழ்க்குரல் பாட மூன்று பேர் இருந்தோம். நான் போனதும் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு அந்த வாரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் டிக்கெட் வாங்கி ஹாலின் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தாங்க வேண்டிய வரிகளை என் தோழி தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்க இடமில்லாமல். என் கோபம் யார் மேலோ, அடி விழுந்தது அவள் மேல். அவளோடு பழையபடி பேச எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

உங்கள் தாத்தாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். கூத்தில் ஆடுகிறவர் ஒரு வரி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்கி அடுத்த அடவுக்குத் தயாராவார். விடிய விடிய ஆட அவரால் முடிந்தது அதனால்தான். 1860இல் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்ததிலிருந்து, 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும் வரை, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் நம் ஆட்கள் கொண்டுவந்த தெருக்கூத்துதான் கரும்புத் தோட்டத்தில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் ஆனது. இன்று நீங்கள் கோரஸில் ஆளுக்கொரு இடத்தில் மூச்சு வாங்கி வரி அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்கிறீர்களே, அதுவும் அந்தப் பின்பாட்டு வேலைதான்.

சரி, ஆடிஷனுக்கு வருவோம். குரல் உடைந்தது என்று நீங்களே மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பழைய நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உச்ச சுருதியில் பாடினார்கள். அதே மெட்டுகளை அதே உயரத்தில் எடுத்துக்கொண்டால் நாற்பது வயதுக் குரலுக்குச் சிரமம்தான். 'சுருதியை இறக்கியிருக்கலாமே' என்று தோன்றும். ஆர்மோனியம் மட்டும் என்றால் இறக்கிவிடலாம். உங்கள் குழுவில் வயலின், டிரம்பெட் என்று நோட்டுப் பார்த்து வாசிப்பவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மறுபடி எழுதித்தர வேண்டும். வள்ளியும் முருகனும் சேர்ந்து பாடும் இடத்தில் அவருக்கு அது பாதாளத்துக்குப் போய்விடும். இயக்குநர் இதையெல்லாம் நினைத்துத்தான் முடிவெடுத்திருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உங்களை வேண்டாம் என்று ஒதுக்கியதாக எடுத்துக்கொள்வதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

யோசித்துவிட்டு நேரில் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், ஒத்திகை முடிந்து எல்லாரும் சாவியைத் தேடும் நேரத்திலும் வேண்டாம். 'எனக்கு ஏன் தரவில்லை' என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். 'அடுத்த தடவை நான் எதை மாற்றிக்கொண்டு வர வேண்டும்' என்று கேளுங்கள். சுருதி, ஆட்டம், வயது, எதுவானாலும் சொல்லட்டும். தெளிவான பதில் வந்தால் அதை வைத்து உழைக்கலாம். ஏழு வருஷம் கூடவே இருந்தவருக்கு 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்பதுதான் பதில் என்றால், நாடகம் முடிந்தபின் முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை நாயகி வேடத்தை மட்டும் பார்க்காதீர்கள். வள்ளி கதையில் நாரதருக்கு எவ்வளவு பாட்டு, எவ்வளவு வாதம்! எம். எஸ். சுப்புலட்சுமி 1941இல் திரையில் நாரதராக நடித்தார். கே. பி. சுந்தராம்பாள் அதற்கு முன்பே, 1935இல், நந்தனாராக நடித்தார். பாடத் தெரிந்த பெண் ஆண் வேடம் கட்டுவது நம் மேடைக்குப் புதிதில்லை. உங்கள் தாத்தா பெண் வேஷம் கட்டியவர், பேத்தி நாரதராக வந்து நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உச்சரிப்பு கற்றுக்கொடுக்கும் வேலைதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது காயத்தின் மேல் உப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் தாளை ஒருநாள் வாங்கிப் பாருங்கள். கிளிக்கும் கிலிக்கும் அதில் ஒரே எழுத்துக்கூட்டல். மலையும் மாலையும் ஒன்று, தினையும் திணையும் ஒன்று. வள்ளி புனத்தில் பரண்மேல் நின்று, கையில் கவணோடு, 'ஆலோலம்' என்று கிளி விரட்டுகிறாள். அங்கே அந்தப் பெண் இனிமையான குரலில் கிலியை விரட்டிக்கொண்டிருப்பாள். இரட்டை மெய்யை அழுத்தாமல் விட்டால் வள்ளியே 'வலி' ஆகிவிடுவாள். ஆங்கிலம் பேசி வளர்ந்த நாக்குக்கு அந்த அழுத்தம் தானாக வராது, யாராவது காட்டித்தர வேண்டும். முன்வரிசையில் உட்காரும் பாட்டிகளில் இந்தப் பாட்டுகளை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் அது எப்படி விழும்?

நம் நாட்டின் 1996 அரசியலமைப்புச் சட்டத்தில், வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஒரு 22 வயதுப் பெண்ணின் நாக்கில் ளகரத்தைச் சட்டம் கொண்டுவந்து வைக்காது. உங்கள் குழுவில் அதைச் செய்யக்கூடியவர் நீங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதல் நாள் பாட்டே வேண்டாம். வரிக்கு வரி அர்த்தம் சொல்லுங்கள், அவள் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் மெட்டில்லாமல், தாளம் மட்டும் போட்டு, பேசுகிற மாதிரி வரிகளைச் சொல்ல வையுங்கள். நெடில் வரும் இடத்துக்கு மேலே சிவப்புப் பேனாவில் கோடு, இரட்டை மெய்க்குக் கீழே கோடு. நாக்கு எங்கே போகிறது என்று வாயைத் திறந்து காட்டுங்கள்: லகரத்துக்கு மேல்பல்லின் பின்னால் தொடும், ளகரத்துக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு வளையும், ஆனால் எதையும் தொடாது. ழகரம் முதல் மாதத்திலேயே வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். நம் வீடுகளிலேயே அது எப்போதோ ளகரமாகிவிட்டது. கிளியும் வள்ளியும் சரியாக வந்தால் பாதி மலை ஏறியாயிற்று. வார்த்தை தாளத்தில் உட்கார்ந்த பிறகு மெட்டைச் சேருங்கள், வேகத்தைக் கடைசியில் கூட்டுங்கள். உங்கள் குரலில் மெதுவாகப் பேசிப் பதிந்து போனில் அனுப்பினால் காரில் போகும்போது கேட்டுக்கொள்வாள்.

ஆனால் இதைச் சும்மா தலையாட்டி ஏற்றுக்கொள்ளாதீர்கள். இயக்குநரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நிகழ்ச்சித் தாளில் 'தமிழ் உச்சரிப்புப் பயிற்சி' என்று உங்கள் பெயர் தனியாக வர வேண்டும். பயிற்சிக்கு ஒத்திகை நேரத்துக்குள்ளேயே அரை மணி ஒதுக்க வேண்டும், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உங்கள் தலையில் கட்டக்கூடாது. அண்டர்ஸ்டடி என்றால் வாய்ச்சொல் போதாது, ஒரு முழு ஒத்திகையிலாவது நீங்கள் வள்ளியாக நடந்து பார்க்க வேண்டும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று கால்களுக்குத் தெரியாத ஒருவரைக் கடைசி நாளில் மேடையில் தள்ளுவது யாருக்கும் நல்லதில்லை. அந்த ஒத்திகையில் உங்களுக்காகச் சுருதியை இறக்கி ஆர்மோனியத்தோடு மட்டும் பாடலாமா என்றும் கேளுங்கள். இதெல்லாம் நியாயமான கேட்பு. மறுத்தால், உச்சரிப்பு வேலையைப் பணிவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோரஸில் மட்டும் நின்று இந்த நாடகத்தை முடியுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம். 'சம்பளமா தருகிறார்கள்' என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பின்னாளில் வக்கீல், அதற்கப்புறம் நீதிபதி. பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் கூலி வாங்காமல், கலைமேல் உள்ள ஆசைக்காக நாடகம் போட்ட சபை அது. நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில் அந்த மேடைக்கு மரியாதை தேடித்தந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் குழுவும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் அவர் பக்கத்து நியாயத்தையும் பாருங்கள். வாரம் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட, பதினாலு வார ஒத்திகைக்கு 140 மணி நேரம். வீட்டில் இருப்பவருக்கு அது தனியாகச் சாப்பிட்ட ராத்திரிகள். இருட்டில் நீங்கள் தனியாகக் கார் ஓட்டி வருவதும் அவர் மனதை அரிக்கலாம், அதை வெளியே சொல்லத் தெரியாமல் பெட்ரோல் கணக்குச் சொல்லலாம். அதையும் கேட்டுப் பாருங்கள். ஸ்டேஜ் மேனேஜரிடம் எந்த நாள் எந்தக் காட்சி என்று அட்டவணை வாங்கினால், கோரஸுக்கு வேலையில்லாத ராத்திரிகளில் வீட்டில் இருக்கலாம். பக்கத்துத் தெருக்காரர்கள் யாராவது குழுவில் இருந்தால் ஒரே காரில் வாருங்கள். கடைசி வாரம் மட்டும் தினமும் போக வேண்டியிருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுங்கள். டிக்கெட்டும் சேலையும் உங்களுக்குப் பாரமாக இருந்தால் அதையும் குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் இன்னும் நாலு பேர் சொல்வார்கள்.

வாத்தியக்காரர்களோடு முதல்முறையாக எல்லாரும் உட்கார்ந்து பாடும் ஒத்திகை வருமே, அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை ஒற்றை ஆர்மோனியத்தோடு பாடிய பாட்டு அன்றைக்குத் திடீரென்று நிறைந்து நிற்கும். என் வீட்டுக்காரர் அப்படி ஒருநாள் வந்து உட்கார்ந்தவர்தான், மறுவருஷம் செட் தூக்க வந்தார், அதற்கடுத்த வருஷம் விளக்குப் பலகை அவர் கையில் இருந்தது. 2023இல் லோட் ஷெடிங்கில் ஒத்திகை நடுவே கரண்ட் போனபோது, போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு 'நிறுத்தாதீர்கள், பாடுங்கள்' என்று சொன்னதும் அவர்தான்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கடைசியாக. அவள் உங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பொருள் தெரியாத மொழியில் முழு நாடகத்தைத் தோளில் சுமக்கப் போகிறாள், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை போனதும் அவளைத் தனியாக உட்காரவைத்து, தினைப்புனம் என்றால் என்ன, அங்கே ஏன் ஒரு பெண் காவல் நிற்கிறாள் என்று சொல்லுங்கள். அப்புறம் தாத்தாவிடம் கேட்ட அந்த ஆலோலத்தை, உங்களுக்கு ஒத்துவரும் சுருதியில், ஒருமுறை பாடிக் காட்டுங்கள்.

நாடகத் தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள். உங்கள் இருபது டிக்கெட்டில் இரண்டு எங்களுக்கு.

அன்புடன்,
அக்கா