எடை மேடையும் 25 நிமிட டைமரும்

வணக்கம் ஐயா,

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் எடை மேடையிலிருந்து சீட்டு வந்துகொண்டே இருக்கும். ஒரு பில் போட உட்கார்ந்தால் விவசாயி பாக்கி கேட்டு வந்து நிற்பார், லாரி டிரைவர் வாடகை கேட்பார், நடுவில் முதலாளி போன். இந்தத் தொந்தரவில் காலையில் எடுத்த வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ராத்திரி எட்டு மணிக்கும் அப்படியே கிடக்கிறது. 25 நிமிட டைமர் வைத்துப் பார்த்தேன். கூட இருப்பவர்கள் சிரித்ததுதான் மிச்சம். எனக்குக் கவனம் போதவில்லையா?

க., காவேரிப்பட்டணம்

அன்புள்ள க.,

கவனம் இல்லாத ஆளுக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சரிபார்ப்பு ஞாபகமே வராது. அதை விடுங்கள்.

25 நிமிடம் வேறு எதையும் தொடாமல் ஒரே வேலையைப் பார்க்கச் சொல்லும் அந்த டைமர் முறை பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியருடையது. 1980களின் கடைசியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறை டைமரை வைத்துத் தனக்காக உண்டாக்கிக்கொண்டார். படிக்கிற பையன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நீங்கள் சாத்தினால் வாசலில் லாரி நிற்கும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. பாக்கி கேட்டு வருபவரையும் தொந்தரவு கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். பெங்களூரா ரக மா போட்டவர் வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்தத் தோப்பில் பணம் பார்க்கிறார். அவருக்குப் பதில் சொல்வதும் உங்கள் வேலைதான். ஆனால் ஒரே ஆள் ஒரே கேள்வியோடு வாரத்தில் மூன்று தடவை வருகிறார் என்றால், முதல் தடவை அவருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 'பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பினால் நாளைக்கே வருவார். நானாக இருந்தாலும் வருவேன். எந்தத் தேதிச் சீட்டுக்கு எந்தக் கிழமை பணம் என்று எடை மேடை பக்கத்தில் ஒரு போர்டில் எழுதி வையுங்கள். டிரைவர் வாடகைக்கும் அதேபோல ஒரு நேரம். உங்கள் மேசைக்கு வரும் கூட்டத்தில் பாதி அங்கேயே படித்துவிட்டுப் போய்விடும் என்று நினைக்கிறேன்.

முதலாளிக்குப் போர்டு வைக்க முடியாது. அவர் எதற்குப் போன் செய்கிறார் என்று ஒரு நாள் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் எத்தனை டன் வந்தது, எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்பதாகத்தான் இருக்கும். இந்த மூன்றையும் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பழக்கதோஷத்தில் சில நாள் கூப்பிடுவார், அப்புறம் குறையும்.

இதற்கு மேலும் ஆட்கள் வருவார்கள். எழுந்து போவதற்கு முன் எந்தச் சீட்டு எண்ணில் நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு வரி கிறுக்கிவிட்டுப் போங்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஒரு விஷயம் எழுதினார்: ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குப் போனால் மனதில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது. திரும்பி வந்து எங்கே தொடங்குவது என்று எழுதிவிட்டுப் போனவர்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு என்று 2018இல் தெரெசா குளோம்புடன் சேர்ந்து செய்த ஆய்வில் காட்டினார். குளோரியா மார்க் என்ற இன்னொரு ஆய்வாளரின் குழுவினர் 2008இல் கண்டது இன்னும் வேடிக்கை. இடையில் குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. நிறைய வேலை முடித்த நாளில்கூட உங்களுக்கு ஒன்றும் செய்யாத மாதிரி அலுப்பு வந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரிபார்ப்பை எடை மேடை சூடுபிடிக்கும் முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். முடியாத நாளில் அதைத்தான் தள்ளிப்போட வேண்டும், சீட்டை அல்ல. சரிபார்ப்பு ஒரு நாள் தாமதமானால் குடிமுழுகாது. சீட்டுக்கு பில் விட்டுப்போனால் மறுநாள் வாசலில் சண்டை.

போர்டுக்கு முதலாளி சம்மதிப்பாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். தேதி எழுதிவிட்டால் அந்தத் தேதியில் பணத்தை எடுத்து வைக்க வேண்டுமே! சம்மதிக்கவில்லை என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டு, எப்போது வந்தால் பணம் இருக்கும் என்று சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.