பத்து ஆண்டு எந்த நாளிலிருந்து ஓடும்?

மகள் அமெரிக்க விமானப்படையில் பைலட்டாகச் சேர்ந்து, பத்து ஆண்டு கழித்து ஏர்லைன்ஸுக்குப் போகட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு திருத்தம். பைலட்டுகள் கட்டாயம் பணியாற்ற வேண்டிய அந்தப் பத்து ஆண்டு, படையில் சேரும் நாளிலிருந்து ஓடாது. பைலட் பயிற்சி முடித்து விங்ஸ் (பைலட் பட்டயச் சின்னம்) வாங்கும் நாளிலிருந்துதான் ஓடும். 22 வயதில் அதிகாரியாகி, காத்திருப்பும் பயிற்சியுமாக 2 ஆண்டு போனால், வெளியே வர 34 ஆகிவிடும். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் அதிகாரியாக முடியாது, குடியுரிமை வேண்டும்.

படையில் தங்குவதா, ஏர்லைன்ஸுக்குப் போவதா என்று 34 வயதில்தான் உண்மையான இழுபறி. ஏறத்தாழ 2,000 பைலட்டுகள் பற்றாக்குறை என்று விமானப்படையே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அதனால் தங்குபவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை போனஸ் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. வரி போகத்தான் கைக்கு வரும். ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டால், வேலை செய்யாத காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஏர்லைன்ஸில் எல்லாமே சீனியாரிட்டி எண்தான். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன் எல்லாவற்றையும் சேர்ந்த தேதிதான் முடிவு செய்யும். 65 வயதில் கட்டாய ஓய்வு. ஆகவே ஓராண்டு தாமதமாகச் சேர்ந்தால் இழப்பது முதலாண்டுச் சம்பளம் அல்ல. சம்பளம் உச்சத்தில் இருக்கும் கடைசி ஆண்டு. போனஸை அந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள்.

மறுபக்கம், 20 ஆண்டு சேவை முடித்தால், அதாவது 42 வயதிலேயே, அதிகச் சம்பளம் வாங்கிய 3 ஆண்டுகளின் அடிப்படைச் சம்பள சராசரியில் 40 சதவீதம் பென்ஷன். இது சின்ன விஷயம் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏர் நேஷனல் கார்டு (Air National Guard) என்ற பகுதிநேர விமானப்படைப் பிரிவு இருக்கிறது: ஏர்லைன்ஸ் வேலையோடு பகுதிநேரமாகப் படையில் பறக்கலாம், ஆனால் அந்தப் பென்ஷன் பொதுவாக 60 வயதில்தான் தொடங்கும்.

படையை விட்டுப் போகிறவர்களை விரட்டுவது பணம் மட்டும் இல்லை. பறப்பதைவிட மேசை வேலை கூடுகிறது, சில ஆண்டுக்கொரு முறை ஊர் மாற்றம், அதனால் கணவன் அல்லது மனைவியின் வேலை அறுந்துபோகிறது. போன ஆண்டு எத்தனை மணி நேரம் பறந்தார், எத்தனை இரவு வீட்டில் தூங்கினார் என்று 32 வயதில் மகளிடம் கேளுங்கள். பதில் அங்கேயே கிடைக்கும்.

பறந்த நேரத்தைக் குறித்துவைக்க முதல் நாளிலிருந்தே சொந்த லாக்புக் அவசியம். ஏர்லைன் பைலட் உரிமத்துக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவப் பைலட்டுக்கு 750 போதும். ஆனால் படை, புறப்பட்டதிலிருந்து தரையிறங்கும் வரைதான் எழுதும். ஏர்லைன்ஸ், விமானம் நகரத் தொடங்கியதிலிருந்தே எண்ணும். அந்த வித்தியாசத்துக்காகப் பல நிறுவனங்கள் ஒவ்வொரு பறத்தலுக்கும் சில நிமிடங்கள் கூட்டிக்கொள்ள விடுகின்றன. போர் விமானத்தில் ஒரு பறத்தல் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் அந்த நிமிடங்கள் கணிசமாகச் சேரும். மொத்த மணி நேரத்தோடு எத்தனை முறை பறந்தார் என்ற எண்ணிக்கையையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.