பள்ளிப் பிள்ளைகளின் மனநலமும் ஊராரின் பங்கும்: கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி மனநலப் பணியில் ஈடுபட்டுவரும் மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர், தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் தன்னார்வலர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறார்.

பென்னாகரம் வட்டாரத் தலைமை ஆசிரியர்: மேடம், வணக்கம். எங்கள் மேல்நிலைப் பள்ளியில் 600 பிள்ளைகள் படிக்கிறார்கள். உளவியல் ஆலோசகர் என்று ஒருவரும் இல்லை. யாரிடம் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் ஐயா. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த விகிதம் அப்படியே பொருந்தினால், உங்கள் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் உதவி தேவைப்படும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அன்று. நியமனம் நடக்கும்வரை காத்திராமல், சிறிய பள்ளிகளுக்குச் சொல்லப்பட்ட அந்தத் தொடர்பை நீங்களும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி அதன் நகலையும் இணைத்தால், கோரிக்கை தலைமை ஆசிரியர் ஒருவருடையதாக இல்லாமல் ஊருடையதாகிவிடும். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே என்பதால் அதற்குத் தனி வலு உண்டு. மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்கு முறை வைத்து வருவது அத்திட்டத்தின் வேலைமுறை. உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை, எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் அறிந்து ஆசிரியர் ஓய்வறையில் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த மூன்றும் தெரியாததாலேயே பல பிள்ளைகள் மருத்துவரைப் பார்க்காமல் போகிறார்கள்.

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆலோசனை வழங்கச் செய்யலாமே? பிள்ளைகளை எங்களைவிட யார் நன்றாக அறிவார்கள்?

பிள்ளையின் மாற்றத்தை முதலில் காண்பவர் நீங்கள்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கண்டறிவதும் ஆலோசனை அளிப்பதும் வெவ்வேறு வேலைகள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் மனநலப் பட்டம் இல்லாத, அதற்கெனவே பயிற்சி அளித்து அமர்த்தப்பட்ட ஆலோசகர்களும் நடத்தினார்கள். எஞ்சிய பள்ளிகள் வழக்கம்போல் இயங்கின. ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, சீண்டலும் துன்புறுத்தலும் குறைந்தன, மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காலையில் வருகைப் பதிவேடு, நண்பகலில் சத்துணவுக் கணக்கு, மாலையில் சிறப்பு வகுப்பு, இடையே இணையவழிப் பதிவுகள் என்று ஓடும் ஒருவரால், அழுகிற பிள்ளையின் எதிரே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க இயலாது. மேலும், மதிப்பெண் போடுபவரும் அப்பாவை அழைத்துவரச் சொல்பவரும் நீங்களே என்பதால், அந்தப் பிள்ளை உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

எனவே கவனித்து எழுதித் தருவதை உங்கள் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ‘மனச்சோர்வு உள்ளது’ என்று நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. அண்மையில் ஓர் எட்டாம் வகுப்பு ஆசிரியை தந்த பரிந்துரைச் சீட்டில் இப்படி இருந்தது: ‘பொங்கல் விடுமுறைக்குப் பிறகு கடைசி இருக்கைக்கு மாறிவிட்டான். கணக்கு நோட்டில் தேதி மட்டும் எழுதுகிறான், கணக்குப் போடுவதில்லை. மதியம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே கழுவி வைத்துவிடுகிறான். இரண்டு முறை கேட்டேன், ஒன்றுமில்லை டீச்சர் என்றான்.’ மருத்துவர் அதைப் படித்ததும் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

ஊத்தங்கரையிலிருந்து மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி: நாங்கள் பெரிதாகப் படிக்காதவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மனநலத்துக்கு எங்களால் என்ன ஆகும்?

நிறைய ஆகும் அம்மா. பெங்களூருவின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிக்கும் தாய்தந்தையர் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இவ்விரு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து ‘பெற்றோரை அழைத்து வா’ என்று சொல்லியனுப்பினால் வருவதற்கு அங்கே ஆள் இல்லை. அந்த வீட்டுக்குள் உரிமையோடு நுழையக் கூடியவர்கள் உங்களைப் போன்றவர்களே.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் அதன் பெண் தன்னார்வலர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிப் பதிவேட்டில் அவன் ‘நீண்ட நாள் வராதவன்’. அதற்குமேல் பள்ளிக்கு ஒன்றும் தெரியாது. அவனுடைய பாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்த தன்னார்வலர், நண்பகலில் கதவுக்குப் பின்னால் போர்வையை இழுத்துப் போர்த்தியபடி அவன் படுத்திருப்பதைக் கண்டார். ‘ஏம்பா, உடம்புக்கு முடியலையா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடாமல், அடுத்த முறை வந்தபோதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். இரவெல்லாம் உறக்கமில்லை என்பதும், அப்பா திரும்பி வரமாட்டார் என்று யாரோ சொன்ன பேச்சு உள்ளே குடைந்துகொண்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தன. தன்னார்வலர் சிகிச்சை எதுவும் அளிக்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னார், செவிலியர் பள்ளிக்குச் சொன்னார், மருத்துவமனை நாளன்று பாட்டியையும் பேரனையும் பேருந்தில் ஏற்றி உடன் போனார்.

உங்கள் குழுவுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்: கவனிப்பது, காது கொடுப்பது, உடன் போவது, மறுமுறையும் போக வைப்பது. அறிவுரை சொல்ல வேண்டாம். ‘உன் வயசுல நாங்க படாத கஷ்டமா’ என்ற பேச்சை அறவே தவிர்த்துவிடுங்கள். வீட்டில் கண்டதைக் குழுக் கூட்டத்தில் பகிரவும் கூடாது. அந்த ஒரு கட்டுப்பாட்டைக் காக்க முடியாதவர் எவ்வளவு நல்லவராயினும் இந்தப் பணிக்கு ஏற்றவர் அல்லர்.

ஓசூரிலிருந்து தன்னார்வ அமைப்பின் இளைஞர்: 20 பள்ளிகளில் ஒரு நாள் மனநல விழிப்புணர்வு முகாம் நடத்தி, எல்லா மாணவர்களுக்கும் வினாத்தாள் கொடுத்துப் பாதிப்புள்ளவர்களைக் கண்டறியத் திட்டமிட்டுள்ளோம். தங்கள் ஆலோசனை வேண்டும்.

உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன் தம்பி. ஆயினும் இந்த வடிவில் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ‘சாகத் தோன்றியதுண்டா?’ என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை ‘ஆம்’ என்று குறித்துக் கொடுத்தபின், அன்று மாலை நீங்கள் வேனில் ஏறிப் போய்விட்டால், அந்தப் பிள்ளை அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்காது. விடையைப் பெறுகிறவர் அன்றே அந்தப் பிள்ளையோடு பேசவும், பெற்றோருக்குத் தெரிவிக்கவும், மருத்துவமனையில் சேர்ப்பிக்கவும் ஆயத்தமாக இருந்தாலன்றி அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடங்கவே கூடாது.

20 பள்ளிகளை விட்டுவிட்டு இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கல்வியாண்டு முழுவதும் வாரம் ஒரு நாள், ஒரே ஆள், ஒரே அறையில் இருங்கள். உங்கள் அமைப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது, யாருக்குத் தகவல் சொல்லும், இடையில் விலகினால் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கும் என்பவற்றைப் பள்ளியோடு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். பாடத்தைத் தமிழில் படிக்கும் பிள்ளையும் துயரத்தை அம்மாவின் மொழியில்தான் சொல்லும் என்பதால், அந்த மொழி அறிந்தவரையே அமர்த்துங்கள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்குப் பேருந்தில் எட்டும் தொலைவில் இருப்பதால், கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு அந்த வழியையும் முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தாய்: பத்தாவது படிக்கும் என் மகள் காலை வழிபாட்டில் அடிக்கடி மயங்கி விழுகிறாள். காத்து கருப்பு என்று ஊரில் சொல்கிறார்கள். மனநல மருத்துவரிடம் போனால் நாளைக்கு அவள் வாழ்க்கைக்கு இடைஞ்சல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, முதலில் பொது மருத்துவரிடம் காட்டி இரத்தசோகை உள்ளதா, வலிப்பு நோயா, இதயத்தில் ஏதேனும் குறையா, காலையில் சாப்பிடாமல் போகிறாளா என்பவற்றைப் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் மனத்தின் பாரம் உடலின் வழியாக வெளிப்படுவதாக இருக்கலாம். அது நடிப்பு அன்று, மகளைத் திட்டாதீர்கள். மனநல மருத்துவரைப் பார்த்த செய்தி மாற்றுச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ ஒருபோதும் இடம்பெறாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையை உங்கள் மகளுக்கு அளிக்கிறது. கோயிலுக்குப் போவதையோ கயிறு கட்டுவதையோ நான் தடுக்க மாட்டேன். அடிப்பதும் பட்டினி போடுவதும் மட்டும் கூடவே கூடாது. பூசாரியிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவைத்தால், ‘சாமியும் பார்த்துக்கும், டாக்டரையும் பாருங்க’ என்று அவரே அனுப்பிவைக்கும் ஊர்கள் உண்டு.

அரூரிலிருந்து பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளை துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால் என்ன செய்வது?

அந்த உறுதியை முதலிலேயே கொடுத்துவிடக் கூடாது. ‘நீ சொல்வதை ஊரில் பேசமாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்றால் உன்னைக் காப்பாற்றக் கூடியவர்களிடம் சொல்வேன்’ என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துங்கள். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் எந்த நேரமும் உதவி கேட்கலாம்.

குழந்தைத் திருமணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் இரு மாவட்டங்களிலும் அது இன்னும் ஒழியவில்லை. நன்றாகப் படித்த பெண் திடீரென்று பேச்சைக் குறைத்து, விடுமுறைக்குப் பின் வராமல் போனால், மனநலப் பிரச்சினை என்று மட்டும் எண்ணிவிடாமல் வீட்டில் நிச்சயதார்த்தப் பேச்சு நடக்கிறதா என்று விசாரியுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலரே அதைத் தடுக்கும் அலுவலர். திருமணம் நின்றபின் அந்தப் பெண் அதே வீட்டில், அதே உறவினரின் கோபத்தினூடே வாழ வேண்டியிருக்கிறது. ஆலோசகர் அவளுக்குப் பெரிதும் தேவைப்படுவது அதற்குப் பிந்தைய மாதங்களில்தான்.

வத்தல்மலைப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியின் காப்பாளர்: புதிதாகச் சேரும் சிறு பிள்ளைகள் இரவில் அழுகிறார்கள், சிலர் ஓடிவிடுகிறார்கள்.

முதல் மாதத்தில் அழுவது இயல்பு. அதை நோயாக்க வேண்டாம். ஒரே ஊர்ப் பிள்ளைகளை அருகருகே படுக்க வையுங்கள், வாரம் ஒரு நாள் வீட்டாரோடு தொலைபேசியில் பேச வையுங்கள், மலையிலிருந்து ஒரு தாயோ மூத்த மாணவரோ தங்கிப் போக ஏற்பாடு செய்யுங்கள். ஓடிப்போய்த் திரும்பிய பிள்ளையைத் தண்டிக்காமல், எதைக் கண்டு ஓடினான் என்று தனியே கேளுங்கள்.

காரிமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

முடிவு வருவதற்கு முன்பே, தேறமாட்டார்கள் என்று அஞ்சப்படும் பிள்ளைகளின் பட்டியலைத் தயார் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் அன்று தொலைபேசியில் அழைப்பதோடு நில்லாமல் வீட்டுக்கே போய், துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டிலேயே மேலே படிக்கலாம் என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். வயல் மருந்து எட்டும் இடத்தில் இருந்தால் அதைப் பூட்டிவைக்கும்படி வெளிப்படையாகக் கூறத் தயங்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ‘ஆம்’ என்றால் தனியே விடாமல் உடன் இருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவி எண்ணான 14416-இலும், மருத்துவ உதவி எண்ணான 104-இலும் தமிழிலேயே பேசலாம்.

ஓசூர் சிப்காட்டிலுள்ள ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அலுவலர்: எங்கள் நிதி ஒதுக்கீட்டை எதற்குச் செலவிட்டால் பயன் மிகும்?

சுவர் ஓவியத்துக்கும் பை, டி-ஷர்ட்டுக்கும் வேண்டாம். அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் ஆலோசகரின் ஊதியத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். அவருடைய பணியை மாதந்தோறும் சரிபார்த்து வழிகாட்ட ஒரு மூத்த உளவியலாளருக்கும் அதிலேயே பணம் ஒதுக்குங்கள். அதற்கடுத்து, சிகிச்சைக்குப் போகும் குடும்பத்தின் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரி மருத்துவமனைக்கு மகனை அழைத்துவரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. முதல் முறை வருகிறவர் இரண்டாம் முறை வராமல் போவதற்கு மருத்துவத்தின் மீதுள்ள அவநம்பிக்கையைவிட அதுவே பெரிய காரணம். ஆண்டறிக்கையிலும் முகாமுக்கு வந்தோரின் எண்ணிக்கையைக் கேட்காமல், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மருத்துவரிடம் வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.