பத்தாம் தேதிச் சம்பளம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. வேதாகமத்தில் ஏசாயா 6ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். சேராபீன்கள் என்ற தூதர்களே முகத்தை மூடிக்கொள்ளும் தேவனுக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன் என்று பயமாக இருக்கிறது. தோட்டைக் கழற்றினேன். சினிமாப் பாட்டு கேட்பதை விட்டேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன். ஆனாலும் கோபம் போகவில்லை. போன வாரம் ஜெபத்தில் இருக்கும்போது வீட்டு வேலைக்கு வரும் அக்கா கதவைத் தட்டி, பத்தாம் தேதி ஆகிவிட்டது, சம்பளம் வேண்டும் என்றார். எரிந்து விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஜெபமே ஓடவில்லை. இந்த உலகத்தில் இருக்கும்போதே பரிசுத்தமாக வாழ முடியுமா அண்ணா? இன்னும் எதையெல்லாம் விட வேண்டும்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வழக்கமாக, உங்கள் சபைப் போதகரிடம் பேசுங்கள் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவேன். உங்கள் கடிதத்தில் ஒரு பாதி வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. பத்தாம் தேதி ஆகிவிட்டது என்று அந்த அக்கா சொன்னாரே, அது. கொஞ்ச நாளாகவே நான் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் நேராக அதன் நடுவில் வந்து விழுந்தது.

முதலில் சின்ன விஷயங்களைத் தள்ளிவிடுகிறேன். தோடு, போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அதைப் பற்றிய சண்டைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான், இனிமேல் அதற்குச் செலவழிக்க நேரமில்லை. ஒரு பழைய சினிமாப் பாட்டைக் கேட்டதால் யாருடைய ரட்சிப்பும் பறிபோகாது. ஆனால் உங்கள் பயம் நல்ல பயம், அதை விட்டுவிடாதீர்கள். தேவனைத் தோளில் கைபோட்டுக்கொள்ளும் கூட்டாளி ஆக்கிவிட்ட பாட்டுகளையும் பிரசங்கங்களையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவனுக்கு, பயமாக இருக்கிறது என்று ஒரு தங்கை எழுதுவது ஆறுதலாகத்தான் இருக்கிறது.

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஆறாம் அதிகாரத்துக்கு முன்னால் ஐந்தாம் அதிகாரம் இருக்கிறதே, வாசித்தீர்களா? வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களை ஏசாயா அதில் திட்டித் தீர்க்கிறார். லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றவாளியை நீதிமான் ஆக்குகிறவர்களையும் விடவில்லை. நடுவில் ஒரு வசனம் வருகிறது: பரிசுத்தமுள்ள தேவன் நீதியினால் பரிசுத்தராய் விளங்குவார். இதைக் கடந்துதான் சேராபீன்களிடம் போக முடியும். நம் ஆட்கள் நேராகச் சிங்காசனத்துக்கும் புகைக்கும் தாவிவிடுகிறார்கள்.

‘நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்று அச்சடித்த காலண்டர் உங்கள் வீட்டிலும் தொங்கும். லேவியராகமம் 19இல் அது இரண்டாம் வசனம். காலண்டர்காரர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் மேலே வாசியுங்கள். தாய் தகப்பன், ஓய்வுநாள், விக்கிரகம், பலி எல்லாம் வந்த பிறகு ஒன்பதாம் வசனத்தில் பேச்சு வயலுக்குப் போய்விடுகிறது. ஓரத்துக் கதிரைத் தீர அறுக்காதே. சிந்தினதைப் பொறுக்காதே. அது எளியவனுக்கும் பரதேசிக்கும். பதின்மூன்றாம் வசனம்: கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. ஒரு ராத்திரி, அவ்வளவுதான் அனுமதி! அதுவும் இல்லை. உபாகமம் 24, பொழுது போகுமுன்பே கொடுத்துவிடு என்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாக இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. பிறகு அதே லேவியராகமத்தில் செவிடன், குருடன், நரைத்தவன், தராசு, படிக்கல். தோடு எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தேன். அந்த அதிகாரத்தில் இல்லை.

இது பழைய ஏற்பாடு, நாம் கிருபைக்குக் கீழே இருக்கிறோம் என்று உங்கள் ஐக்கியத்தில் யாராவது சொல்வார்கள். புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறார். சேனைகளின் கர்த்தர்! உங்கள் சேராபீன்கள் பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர் என்று பாடியது யாரை என்று போய்ப் பாருங்கள். நீங்கள் உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள், அந்த அக்கா வெளியே நின்று கூலி கேட்டார். இரண்டும் ஒரே செவியில்தான் போய் விழுந்திருக்கும்.

கோபம் போகவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். கோபத்தை விடுங்கள், அது கிளை. ஜெபநேரம் என்னுடைய பரிசுத்த நேரம், அதற்குள் இவர் வரக்கூடாது என்று நினைத்தீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், கொஞ்சம் வயல், கொஞ்சம் தோட்டம். ஓய்வுநாளில் காசைக் கையால் தொடமாட்டார். காணிக்கையைக்கூடச் சனிக்கிழமையே கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார். அறுப்புக் காலத்தில் சனிக்கிழமை வேலை முடிய இருட்டிவிடும். அதற்குள் அவர் கணக்கு நோட்டை மூடியிருப்பார். ‘திங்கக்கிழமை வாங்க, கர்த்தருடைய நாளைக் கெடுக்காதீங்க’ என்பார். அறுத்தவர்கள் ஒன்றும் பேசாமல் போவார்கள். அவர் மனைவி பின்வாசல் வழியாக அவர்களைக் கூப்பிட்டு, அஞ்சறைப்பெட்டியிலிருந்து கொஞ்சம் காசும் முந்தானையில் கொஞ்சம் அரிசியும் கொடுப்பார். அந்த அம்மாவைப் பற்றி யாரும் பரிசுத்தவதி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர் இறந்தபோது, ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரித்த மூப்பர் என்று பிரசங்கத்தில் நீளமாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது சின்ன வயது, ஆனாலும் வாய் கசந்தது.

பரிசுத்தத்தை வேலியாகக் கட்டுவதில் நம் ஊருக்கு நல்ல அனுபவம் உண்டு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? 1872இல் கட்டியது. சாதிக்கு ஒன்று என்று இரண்டு பகுதிகள் விரிந்து நிற்கும், பீடத்தில் மட்டும் ஒன்றுசேரும். கால்சட்டைக் கோயில் என்று பெயரே வந்துவிட்டது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, நடுவில் தடுப்பு. அப்புறம் தடுப்பை எடுத்தார்கள். எடுத்ததை எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். சீர்திருத்த சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

உடை, நகை என்று கட்டுப்பாடு வைப்பவர்கள் எல்லாரையும் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் தலைவணங்கும் ஒரு ஆள் ஆடை விஷயத்தில் உங்களைவிடப் பிடிவாதக்காரர். ஜான் உல்மன், 1720இல் பிறந்தவர், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹோலி என்ற ஊரில் தையலும் கடையுமாகப் பிழைத்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இளவயதில் அவருடைய முதலாளி ஒரு கருப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, கிரயச் சீட்டு எழுதச் சொன்னார். வாங்குகிறவரும் வயதான ஒரு குவேக்கர்தான். எழுதிக் கொடுத்தார், ஆனால் அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று இருவர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு வேறொருவர் அப்படி ஒரு பத்திரம் கேட்டபோது எழுத மறுத்துவிட்டார். கடையில் வியாபாரம் பெருகிக்கொண்டே போனதும், இது என் மனதைச் சுமையாக அழுத்துகிறது என்று அதையும் சுருக்கிக்கொண்டார்.

1757இல் தெற்கே வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் ஊழியப் பயணம் போனார். வழியில் தங்கிய வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். விசுவாசிகளின் வீடுகள்தான். சோறும் படுக்கையும் இலவசம், அதுதான் அவர்கள் வழக்கம். அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கூலி வாங்காதவர்களின் உழைப்பைத்தானே நான் சாப்பிடுகிறேன் என்று கணக்குப் போட்டார். கிளம்பும்போது வெள்ளிக் காசுகளை, சில இடங்களில் வீட்டுக்காரரிடம் கொடுத்து அடிமைகளுக்குத் தரச் சொன்னார், சில இடங்களில் தானே அவர்கள் கையில் கொடுத்தார். வீட்டுக்காரர்களுக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடமே பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர்களின் வருடாந்தரக் கூட்டத்தில் அவர் பேச, அடிமை வைத்திருக்கும் விசுவாசிகளை வீடு வீடாகப் போய்ச் சந்திப்பது என்று தீர்மானமானது. அவரும் போனார். அடிமை வைத்திருப்பவனுக்குச் சபையில் இடமில்லை என்று அதே கூட்டம் முடிவெடுத்தது 1776இல். உல்மன் அதற்கு நான்கு வருடம் முன்பே இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மையில் இறந்துபோனார்.

ஆடைக்கு வருகிறேன். சாயம் தோய்த்த துணி அழுக்கை மறைக்கிறது, அது வேண்டாம் என்று கடைசி வருடங்களில் சாயமிடாத வெளிறிய துணியும் அதே நிறத் தொப்பியுமாகத் திரிந்தார். சொந்த சபையாரே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தங்கச்சி, அந்த வரிசையைக் கவனியுங்கள். அடிமைகளின் கையில் காசு கொடுத்தது முதலில், சட்டை அப்புறம்.

பரிசுத்தம் சாத்தியமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மெதடிஸ்ட் சபைக்கு அடிபோட்ட ஜான் வெஸ்லி இந்த வாழ்க்கையிலேயே பூரணப்பட முடியும் என்றார், அவரோடு ஊழியம் செய்த பிரசங்கியார் விட்ஃபீல்ட் முடியாது என்றார், உயிர் நண்பர்கள் சண்டைக்காரர்கள் ஆனார்கள். அவர்கள் தீர்க்காததை நான் தீர்க்கப் போவதில்லை.

சம்பளத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் இதை வாசித்து முடிப்பதற்கு முன் எழுந்து போய்க் கொடுங்கள். இனி ஒன்றாம் தேதி, அவர் கேட்பதற்கு முன்னால். லீவு போட்ட நாளுக்குப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எரிந்து விழுந்ததற்கு மன்னிப்பைத் தனியாகக் கேளுங்கள், சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அவரால் அப்போது வேறு பதில் சொல்ல முடியாது. உபவாசத்தைப் பற்றி இன்னொரு கடிதத்தில் பேசலாம். அதற்குள் ஏசாயா 58ஐ வாசித்து வையுங்கள், வேலையாட்களைப் பற்றி அதிலும் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்